ஸ்பேனரும் டெஸ்ட் லாம்பும்: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே ரகம். அறுபது, எழுபதுகளின் ஷெவர்லே பிக்கப்பில் அதே கம்பெனியின் பிற்காலப் பிக்கப்பான சில்வராடோவின் இன்ஜெக்ஷன் இன்ஜினை (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொற்படி பெட்ரோல் தெளிப்பது) இறக்கி வைத்துவிட்டு, வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அமெரிக்காவில் இத்தனை தமிழர்கள் இந்த வேலையில் இறங்கியிருப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். பிரேக் சத்தம், ஏசி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 1970 மாடல் ஷெவர்லே சி10 பிக்கப் இருக்கிறது. காயலான் கடையில் ஒரு 2002 சில்வராடோவின் 5.3 லிட்டர் இன்ஜின், 4எல்60இ கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர், வயரிங் எல்லாம் சேர்த்து வாங்கினேன். இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. ஹார்னஸை, அதாவது அந்த வயர்க் கட்டை, கராஜ் தரையில் பரப்பினால் தலை சுற்றுகிறது. எங்கே தொடங்குவது?
(ஒரு வாசகர், கேட்டி, டெக்சஸ்)

முதலில் அதைத் தரையிலிருந்து எடுங்கள் கண்ணு. தரையில் கிடக்கும் வரை அது பாம்புக் கூடைதான்.

நான் தொழில் கற்றது கரூரில், பஸ் பாடி கட்டும் பட்டறையில். அங்கே என் மேஸ்திரி வயரிங்கை வண்டிக்குள் வைத்துக் கட்ட விடமாட்டார். பெரிய பலகையில் சாக்பீஸால் வண்டியை வரைவார். முகப்பு விளக்கு இங்கே, ஃபியூஸ் பெட்டி இங்கே, பின் விளக்கு அங்கே என்று ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி வயர் இழுத்து, எல்லாம் சரி என்ற பிறகுதான் டேப் சுற்றுவோம். இங்கே சான் அன்டோனியோவில் என் 1969 சி10க்கு வேலை செய்தபோதும் அதையேதான் செய்தேன். 4-க்கு 8 அடி பிளைவுட் பலகை ஒன்று, ஒரு டப்பா ஆணி. இன்ஜினை மேலிருந்து பார்த்தது போல வரைந்துகொண்டேன்.

இப்போது எண்ணிப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டருக்கு, அதாவது பிசிஎம்முக்கு, இரண்டு பெரிய கனெக்டர்: ஒன்று நீலம், இன்னொன்று சிவப்பு. ஒவ்வொன்றிலும் வயர் முனை செருகும் 80 பின் இடம், மொத்தம் 160. எல்லாவற்றிலும் வயர் இருக்காது. இருப்பதிலும் ஒரு பங்கு சில்வராடோவின் மற்ற உறுப்புகளோடு பேசுவதற்கு. உங்கள் 1970 வண்டியில் அந்த உறுப்புகளே கிடையாது.

இன்ஜின் ஓடத் தேவையானவை இவை. கிராங்க் சென்சார், கேம் சென்சார். இன்டேக் மேல் உட்கார்ந்து காற்றழுத்தம் பார்க்கும் மேப் சென்சார், காற்றுக் குழாயில் இருந்து காற்றின் அளவைப் பார்க்கும் மாஃப் சென்சார். த்ராட்டில் பாடியில் இரண்டு: பொசிஷன் சென்சார், ஐடில் மோட்டார். கூலன்ட் சென்சார். இன்டேக்குக்குக் கீழே பள்ளத்தில் ஒளிந்திருக்கும் இரண்டு நாக் சென்சார். எக்ஸாஸ்டில் முன்னால் உள்ள இரண்டு ஆக்சிஜன் சென்சார். எட்டு இன்ஜெக்டர், எட்டு காயில். கியர்பாக்ஸுக்குப் போகும் வட்டக் கனெக்டர், வேக சென்சார். ஸ்கேனர் செருகும் 16 பின் ஓபிடி சாக்கெட். இந்தச் சாக்கெட் எதற்கு என்று நினைத்து வெட்டி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். பிறகு ஒவ்வொரு கோளாறுக்கும் இருட்டில் துழாவுவார்கள்.

எக்ஸாஸ்டில் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் இரண்டு, டேங்க் ஆவி சம்பந்தப்பட்ட வயர்கள், சில்வராடோவின் மீட்டர் போர்டுக்குப் போன டேட்டா வயர்: இவற்றை கனெக்டரிலிருந்தே கழற்றி எடுக்கலாம். நடுவில் வெட்டி டேப் சுற்றாதீர்கள், முனையோடு இழுத்து எடுங்கள். ஆனால் டெக்சஸில் இருக்கிறோம் என்பதால் சொல்கிறேன். இங்கே 25 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்குப் புகைச் சோதனை இல்லை. கலிஃபோர்னியா கதை வேறு, அது கீழே வருகிறது.

இத்தனையும் போக, பழைய வண்டியோடு கட்டாயம் சேர வேண்டியவை நான்கே நான்கு. பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வரும் ஒரு வயர். சாவி போட்டால் கரண்ட் வரும் ஒரு வயர். பெட்ரோல் பம்ப் ரிலேவுக்கு (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போகும் ஒரு வயர். எர்த். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆனால் இந்த நான்கும் சரியாக இருந்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். மீதியெல்லாம் ஓட்டுவதற்கு வசதி.

ஃபியூஸ் பிரிக்கும்போது இடப் பக்க நான்கு காயில், நான்கு இன்ஜெக்டருக்கு ஒரு 15 ஆம்பியர், வலப் பக்கத்துக்கு இன்னொரு 15 ஆம்பியர் என்று வையுங்கள். கம்பெனியும் அப்படித்தான் வைத்திருக்கிறது. ஒரு ஃபியூஸ் போனால் ஒரு பக்கம் முழுக்கச் செத்துவிடும், எந்தப் பக்கம் பார்ப்பது என்று உடனே தெரியும்.

இன்னொன்று. எட்டு இன்ஜெக்டர் கனெக்டரும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். ஷெவர்லேயின் பழைய ஸ்மால் பிளாக் வி8 இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. உங்கள் 5.3 சேர்ந்த எல்எஸ் குடும்பத்து இன்ஜினுக்கு 1-8-7-2-6-5-4-3. பழைய ஆர்டர் பலருக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம், கை தானாக அந்தப் பக்கம் போகும். சிலிண்டர் எண் மாறவில்லை, இடப் பக்கம் 1, 3, 5, 7, வலப் பக்கம் 2, 4, 6, 8. ஒவ்வொரு கனெக்டருக்கும் இப்போதே ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டிவிடுங்கள். நாளைக்கு ஒட்டலாம் என்று விட்டால் ஒட்டமாட்டீர்கள்.

1968 சி10, 5.3 லிட்டர் இன்ஜின். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆவதில்லை. வெறுத்துப்போய்ச் சாவியை விடும்போது மட்டும் ஒரு முறை ‘டப்’ என்று பிடிக்கப் பார்க்கிறது. பம்ப் பிரஷர் சரி, சென்சார் மூன்று மாற்றிவிட்டேன்.
(ஒரு வாசகர், டல்லாஸ்)

சென்சார் வாங்குவதை நிறுத்துங்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: சாவியை விடும்போது பிடிக்கிறது. அப்படியானால் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது பிசிஎம்முக்குக் கரண்ட் இல்லை.

ஃபியூஸ் பெட்டியில் ரேடியோவுக்கோ ஹீட்டருக்கோ போகும் முனையிலிருந்து ‘சாவி கரண்ட்’ எடுத்திருப்பீர்கள். செல்ஃப் சுற்றும்போது இக்னிஷன் சுவிட்ச் அந்த முனைகளை அணைத்துவிடும், பேட்டரியின் பலம் முழுக்க செல்ஃபுக்குப் போகட்டும் என்று. ரேடியோவுக்கு அதனால் நஷ்டமில்லை. கம்ப்யூட்டருக்கு? அது தூங்கிவிடுகிறது. சாவியை விட்டதும் விழித்துக்கொள்கிறது. இன்ஜின் அந்த ஒரு நொடி இன்னும் சுழன்றுகொண்டிருப்பதால் ஒரு பொறி விடுகிறது. அதுதான் உங்கள் ‘டப்’.

இதைக் கண்டுபிடித்த பலர் அடுத்து ஒரு குழியில் விழுகிறார்கள். நானும் விழுந்தவன் என்பதால் விலாவாரியாகச் சொல்கிறேன்.

பழைய இன்ஜினில் இக்னிஷன் காயிலின் பிளஸ் முனைக்கு ஒரு வயர் வந்திருக்கும் அல்லவா? செல்ஃப் சுற்றும்போதும் வேலை செய்த வயர்தானே, அதையே பிசிஎம்முக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மல்டிமீட்டர் வைத்தேன், 12 வோல்ட் காட்டியது. கொடுத்தேன். இன்ஜின் ஸ்டார்ட் ஆகி, மூக்கடைத்தவன் போல் தும்மியது. இரண்டு சனிக்கிழமை போயிற்று.

அந்த வயர் சாதாரண வயர் அல்ல. மேலே துணி சுற்றியது போல் இருக்கும், தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் விறைப்பு. அது ரெசிஸ்டன்ஸ் வயர். பட்டறையில் பிளாட்டினம் பாயின்ட் என்று சொல்லும், காயில் கரண்டைத் துண்டித்துச் சேர்க்கும் முனைகள் கருகாமல் இருக்க, காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைப்பதற்காகவே கம்பெனி போட்டது. ஒன்றரை ஓமிலிருந்து இரண்டு ஓம் வரை இருக்கும். மல்டிமீட்டர் கரண்ட் இழுப்பதே இல்லை, அதனால் முழு 12 வோல்ட்டையும் காட்டும். காயில்களும் இன்ஜெக்டர்களும் சேர்ந்து மூன்று ஆம்பியர் இழுத்தால் போதும், நான்கரை முதல் ஆறு வோல்ட் அந்த வயரிலேயே காணாமல் போகும். செல்ஃப் சுற்றும்போது காயிலுக்கு முழு வோல்ட் கிடைத்ததும் இந்த வயரால் அல்ல. செல்ஃப் சோலனாய்டிலிருந்து இன்னொரு வயர் தனியாகப் போய்க் கொடுத்துவந்தது.

இதனால்தான் இந்தப் பகுதிக்கு இந்தப் பெயர் வைத்தேன். இரண்டு டாலர் பெறாத டெஸ்ட் லாம்ப் கரண்டை இழுத்துப் பார்க்கும். அதில் பல்ப் மங்கலாக எரிந்தால் உங்கள் நூறு டாலர் மீட்டர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

செய்ய வேண்டியது: இக்னிஷன் சுவிட்சின் பின்னாலேயே போய், சாவி ‘ரன்’னில் இருந்தாலும் ‘ஸ்டார்ட்’டில் இருந்தாலும் டெஸ்ட் லாம்ப் எரியும் முனையைப் பிடியுங்கள். வீட்டில் யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் லாம்பைப் பாருங்கள். அந்த முனையிலிருந்து வரும் வயர் ஒரு ரிலேயை மட்டும் இழுக்கட்டும். ரிலேயின் 30ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரடியாகத் தடித்த வயர். 87இலிருந்து பிசிஎம், காயில், இன்ஜெக்டர். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆன சுவிட்சும் வயரும் இதில் சைகை மட்டும் காட்டினால் போதும். சுமக்கச் சொல்லாதீர்கள். அவை ஒரு கார்புரேட்டர் வண்டியின் ஒற்றைக் காயிலுக்காகச் செய்தவை.

வண்டி ஸ்டார்ட் ஆகிறது, இரண்டு நொடியில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அப்படியே.
(ஒரு வாசகர், ஆஸ்டின்)

திருட்டுத் தடுப்பு. சில்வராடோவின் சாவி, பூட்டு இவற்றோடு பேசிப் பழகிய பிசிஎம், அவற்றைக் காணோம் என்று பெட்ரோலை நிறுத்துகிறது. வயரிங்கில் இதற்கு மருந்து தேடாதீர்கள். பிசிஎம்மைத் திருத்தி எழுதும் எச்பி டியூனர்ஸ் அல்லது ஈஎஃப்ஐ லைவ் மென்பொருள் வைத்திருப்பவரிடம் பிசிஎம்மைக் கொடுத்து அந்தக் காவலை எடுத்துவிடச் சொல்லுங்கள். அதே கையோடு பின் ஆக்சிஜன் சென்சார், ஃபேன் ஓடும் சூடு, டயர் அளவு, பின் ஆக்சில் ரேஷியோ எல்லாம் எழுதிவிடச் சொன்னால் ஒரே செலவு.

இன்ஜினுக்கு எர்த் எத்தனை கொடுக்க வேண்டும்? ஒன்று போதாதா?
(ஒரு வாசகர், சுகர் லேண்ட்)

ஒன்று போதும் என்று நானும் ஒரு முறை நினைத்தேன். வேறொருவரின் வண்டி. பேட்டரி மைனஸை சேஸிஸில் கட்டிவிட்டு, இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பட்டை போட மறந்துவிட்டேன். இன்ஜின் மவுன்ட் ரப்பர் அல்லவா, கரண்ட் போக வழியில்லை. செல்ஃப் அடித்ததும் எங்கிருந்தோ புகை. கரண்ட் தானாக வழி கண்டுபிடித்திருக்கிறது: ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக. உள்ளே இருந்த எஃகுக் கம்பி பழுத்து, மேல் உறை உருகி, த்ராட்டில் பாதி திறந்த நிலையில் ஒட்டிக்கொண்டது. நல்லவேளை இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. புதுக் கேபிள் என் கைக்காசில் போட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து என் கணக்கு: பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் பிளாக்குக்குத் தடித்த கேபிள். பிளாக்கிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று. சிலிண்டர் ஹெட்டின் பின்புறத்திலிருந்து கேபின் சுவருக்கு ஒரு பட்டை. பிசிஎம் எர்த்தையும் காயில் எர்த்தையும் இன்ஜினிலேயே கட்டுங்கள், கம்பெனி கட்டிய இடத்திலேயே. பாடியில் எங்கோ ஒரு ஸ்க்ரூவில் கட்டாதீர்கள். பெயின்டைச் சுரண்டி இரும்பு பளபளக்க வைத்து, கட்டிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

என் சி10இல் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டு வெளியே ஒரு இன்ஜெக்ஷன் பம்ப் போட்டால் போதுமா? பழைய ரப்பர் ஹோஸ் புதிதாகத்தான் இருக்கிறது.
(ஒரு வாசகர், டல்சா, ஒக்லஹோமா)

1967 முதல் 1972 வரை வந்த பிக்கப்புகளில் டேங்க் அங்கேதான். கார்புரேட்டருக்கு ஆறு ஏழு பிஎஸ்ஐ பிரஷர் போதும். இந்த இன்ஜினுக்கு 58 வேண்டும். முதுகுக்குப் பின்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு அந்த பிரஷரில் விளையாட எனக்கு விருப்பமில்லை. டேங்கைப் பின்னால், சேஸிஸ் கட்டைகளுக்கு நடுவே இறக்கி, உள்ளேயே மூழ்கும் பம்ப் வைத்த டேங்க் வாங்குங்கள். வெளியே மாட்டும் பம்ப் சத்தம் போடும், சூட்டில் திணறும், வளைவில் டேங்கின் பெட்ரோல் ஒதுங்கினால் காற்றை உறிஞ்சும்.

ஹோஸ் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 30ஆர்7 என்றிருந்தால் அது கார்புரேட்டர் ஹோஸ், 50 பிஎஸ்ஐ வரைதான். புதிதாக இருந்தாலும் அது வேண்டாம். 30ஆர்9 என்று போட்டதை வாங்கி, ஹோஸைக் கிழிக்காத இன்ஜெக்ஷன் கிளாம்ப் போடுங்கள். பல் வைத்த கிளாம்ப் கூடாது.

பிரஷர் ரெகுலேட்டருக்குத் தனியாகச் செலவு வேண்டாம். 1999 முதல் 2003 வரையிலான கார்வெட்டின் பெட்ரோல் ஃபில்டரிலேயே 58 பிஎஸ்ஐ ரெகுலேட்டர் இருக்கிறது. அதை டேங்குக்குப் பக்கத்திலேயே மாட்டினால் மிச்சப் பெட்ரோல் அங்கிருந்தே திரும்பிவிடும், இன்ஜினுக்கு ஒரே ஒரு குழாய் போதும்.

பம்ப் ரிலேவைப் பற்றி ஒரு வார்த்தை. சாவி போட்டதும் பிசிஎம் இரண்டு நொடி பம்பை ஓட்டி நிறுத்தும். கிராங்க் சுற்றுவது தெரிந்தால்தான் திரும்ப ஓட்டும். ‘பம்ப் இரண்டு நொடியில் நிற்கிறது, ரிலே போச்சு’ என்று யாரும் நேரடியாகச் சாவி கரண்டில் பம்பைக் கட்டிவிடாதீர்கள். வண்டி மோதி இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஃபோர்டு வண்டிகளில் மோதினால் பம்பை அணைக்கும் சுவிட்ச் ஒன்று வரும், காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும். என் வண்டியில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

2004 மாடல் இன்ஜின் மலிவாக வருகிறது, ஆனால் ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் இல்லை. வாங்கலாமா?
(ஒரு வாசகர், ஹூஸ்டன்)

வாங்கலாம், மூன்றும் சேர்ந்து வந்தால்: பெடல், த்ராட்டில் பாடி, பெடல் சொல்வதை த்ராட்டிலுக்குக் கொண்டுபோக நடுவில் இருக்கும் டாக் மாட்யூல் என்ற பெட்டி. மூன்றும் அந்தப் பிசிஎம்மோடு ஒத்துப்போக வேண்டும். பெடலை விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் விற்கிறார்கள் என்றால் அந்த மலிவு மலிவல்ல. 2002 வரை வந்த டிரக் இன்ஜின்களில் பெரும்பாலும் கேபிள்தான். முதல் முறை செய்பவர்கள் அதைத் தேடினால் வேலை ஒரு படி குறையும்.

அப்பா வைத்திருந்த 1972 சி10. இன்ஜின் மாற்ற ஒத்துக்கொண்டேன், ஆனால் மீட்டர் போர்டு அப்படியே இருக்க வேண்டும், அதே முள், அதே கண்ணாடி. மெக்கானிக் முடியாது, டிஜிட்டல் போடுங்கள் என்கிறார். இன்னொன்று, ஹைவேயில் கியர்பாக்ஸ் சூடாகிறது, ஆர்பிஎம் இறங்குவதில்லை.
(ஒரு வாசகி, சான் அன்டோனியோ)

முடியும் அம்மணி. உங்கள் மெக்கானிக்குக் கொஞ்சம் சோம்பல், அவ்வளவுதான்.

டெம்பரேச்சர் முள்ளுக்குப் பழைய சென்டரே (இன்ஜினின் சூட்டை முள்ளுக்குச் சொல்லும் உறுப்பு) வேண்டும், ஏனென்றால் அந்த முள்ளுக்கு அந்த சென்டரின் ரெசிஸ்டன்ஸ்தான் புரியும். பிசிஎம்மின் சென்சார் இடது ஹெட்டின் முன்னால் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். வலது ஹெட்டின் பின்னால் அதே அளவில் ஒரு துளை அடைத்து வைத்திருப்பார்கள். 12 மில்லி, 1.5 புரி. அதற்கு அடாப்டர் கிடைக்கும், பழைய சென்டரை அதில் முறுக்குங்கள். ஆயில் கேஜ் குழாய் வைத்த ரகம் என்றால் இன்ஜினின் பின் மேட்டில் உள்ள பிரஷர் துளைக்கு 16 மில்லி அடாப்டர் போட்டு அந்தக் குழாயையே கொண்டுவரலாம்.

ஸ்பீடோமீட்டர்தான் கொஞ்சம் செலவு. உங்கள் பழையது கேபிளில் சுற்றுவது. 4எல்60இ கியர்பாக்ஸில் கேபிள் மாட்ட இடமில்லை, 40 பல் சக்கரத்தைச் சென்சார் எண்ணுகிறது. பிசிஎம் அதைக் கணக்குப் போட்டு மைலுக்கு 4000 துடிப்பாக வெளியே கொடுக்கும். அந்தத் துடிப்பை வாங்கிச் சின்ன மோட்டாரால் கேபிளைச் சுற்றும் பெட்டி விற்கிறார்கள். அப்பா பார்த்த அதே முள் அதே மாதிரி ஏறும்.

ஆல்டர்னேட்டர் புதியது என்றால் பழைய வண்டியில் தனியாக இருக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டர் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும். புதிய ஆல்டர்னேட்டருக்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கிறது. அதன் எல் முனைக்கு நேராக 12 வோல்ட் கொடுக்காதீர்கள், உள்ளே கருகிவிடும். நடுவில் ஒரு பல்போ ரெசிஸ்டரோ வேண்டும். பழைய போர்டில் சார்ஜ் லைட் இருந்தால் அந்த பல்ப்பே போதும். அப்படிக் கட்டிய பிறகு சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்காமல் ஓடினால் பயப்படாதீர்கள், பேய் இல்லை. அந்த பல்ப் வழியாக ஆல்டர்னேட்டர் கரண்ட் திரும்பி வந்து ரிலேவைப் பிடித்து வைத்திருக்கிறது. கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்று போட்டால் சரியாகிவிடும்.

இப்போது கியர்பாக்ஸ் சூடு. இது பிரேக் சுவிட்ச். சிரிக்காதீர்கள். ஹைவேயில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொண்டால்தான் ஆர்பிஎம் இறங்கும், சூடும் குறையும். பிரேக் மிதித்தால் பூட்டை விட வேண்டும், அதனால் பிசிஎம் பிரேக்கைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அது எதிர்பார்ப்பது தலைகீழ்: பிரேக் மிதிக்காதபோது 12 வோல்ட், மிதித்தால் பூஜ்யம். 1972 வண்டியின் பிரேக் லைட் சுவிட்ச் மிதித்தால்தான் கரண்ட் கொடுக்கும். உங்கள் மெக்கானிக் அந்த வயரைக் கொண்டுபோய் நேராகப் பிசிஎம்மில் கொடுத்திருப்பார். ஆகவே நீங்கள் எழுபது மைலில் போகும்போதும் பிரேக்கில் கால் வைத்திருப்பதாகவே அது நினைக்கிறது. இரண்டு ஜோடி முனை உள்ள சுவிட்ச் மாற்றலாம், இல்லையென்றால் ஐந்து முனை ரிலேயில், ரிலே இழுக்காதபோது கரண்ட் தரும் 87ஏ முனை வழியாகத் தலைகீழாக்கலாம். அரை மணி நேர வேலை.

கலிஃபோர்னியாவில் என்னிடம் 1978 ஷெவர்லே பிக்கப் இருக்கிறது. நண்பரின் 1971 வண்டிக்கு எந்தச் சோதனையும் இல்லாமல் இன்ஜின் மாற்றினார். நானும் அப்படியே செய்யலாமா?
(ஒரு வாசகர், ஃப்ரிமான்ட்)

கூடாது. அங்கே 1975 மாடல் வரைதான் பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சோதனை விலக்கு. உங்களுடையது மூன்று வருடம் பிந்தியது. நீங்கள் போடும் இன்ஜின் உங்கள் வண்டியின் மாடல் வருடமோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் எல்லாம் கூடவே வர வேண்டும், ரெஃப்ரி என்று அவர்கள் அழைக்கும் சோதனை நிலையத்தில் காட்டி ஒட்டுச்சீட்டு வாங்க வேண்டும். ஆகவே மேலே கேட்டிக்காரருக்குச் சொன்னதை நீங்கள் செய்யாதீர்கள். பின் ஆக்சிஜன் சென்சார், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், டேங்க் ஆவிக் குடுவை எல்லாம் இருக்கட்டும். வேலை தொடங்கும் முன்பே அந்த நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

நல்ல கார்புரேட்டர் வண்டியை எதற்குக் கெடுக்கிறீர்கள்?
(ஒரு வாசகர், ஊர் எழுதவில்லை)

என் 250 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜினை நான் உடைக்கவில்லை. எண்ணெய் ஊற்றி, துணி போர்த்தி, கராஜ் மூலையில் வைத்திருக்கிறேன். ஜனவரிக் குளிரில் சோக்கை இழுத்து, பெடலை மிதித்துக் கெஞ்சிக்கொண்டு நின்ற காலை நேரங்கள் எனக்கு நினைவிருக்கிறது. உங்களுக்கு அது பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், சண்டையில்லை.

எந்தக் கலர் வயர் எதற்கு என்று ஒரு பட்டியல் போட முடியுமா?
(மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

போடமாட்டேன். பிங்க் என்றால் சாவி கரண்ட், ஆரஞ்சு என்றால் பேட்டரி கரண்ட் என்பது ஜெனரல் மோட்டார்ஸில் பொதுவாகச் சரி. ஆனால் ஒரே ஹார்னஸில் எத்தனை பிங்க் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கனெக்டரின் முகத்தில் பொடி எழுத்தில் பின் எண் இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். உங்கள் பிசிஎம்மின் வருடத்துக்கான பின் வரைபடத்தை எடுத்து, எண்ணை வைத்து வேலை செய்யுங்கள். நீலம்-சிவப்பு கனெக்டர் பிசிஎம்முக்கு ஒரு வரைபடம், 2003 முதல் வந்த நீலம்-பச்சைக்கு வேறு. என்னிடம் வந்த ஒரு வண்டியில் முந்தைய உரிமையாளர் எல்லா இணைப்பையும் கையில் கிடைத்த ஒரே சுருள் சிவப்பு வயரால் செய்திருந்தார். எர்த் உட்பட.

திருத்தம்: சென்ற இதழில் கூடுதல் முகப்பு விளக்குக்கு ரிலே கட்டுவது பற்றி எழுதியபோது, ஃபியூஸை ரிலேக்குப் பக்கத்தில் வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். தவறு. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ரிலே பக்கத்தில் வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் அதை நிறுத்த எதுவும் இல்லை. அப்படிக் கட்டியவர்கள் இந்த வார இறுதியில் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு மாற்றிவிடுங்கள். சுட்டிக்காட்டி எழுதிய பியர்லாண்ட் வாசகருக்கு நன்றி.